சிவப்பு மை போன பிறகு: கிளாரண்டன் எழுத்தின் வரலாறு

ஓர் அகராதியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்து முடித்தவர் நம்மில் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அகராதியை நாம் எடுப்பது தேடுவதற்காக. கண் பக்கத்தின் மேலிருந்து கீழே ஓடும். தடித்த ஒரு சொல்லில் தட்டி நிற்கும். தேடிய சொல் அது இல்லையென்றால் அடுத்த தடித்த சொல்லுக்குத் தாவும். இடையில் கிடக்கும் மெல்லிய எழுத்துக்கள் அந்த நேரம் நமக்குக் கண்ணிலேயே படாது. தொலைபேசிப் புத்தகத்திலும் பாடநூலின் பின்பக்க அட்டவணையிலும் இதே வேலைதான் நடக்கிறது.

இந்த வசதி அச்சோடு கூடப் பிறந்தது என்று பலர் நினைக்கலாம். அப்படியில்லை. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் குட்டன்பேர்க் பைபிளை அச்சடித்தது 1450களில். சாதாரண வாசகத்தின் நடுவே, அதே வரியில், அதே அளவில் உட்கார்ந்து ‘இங்கே பார்’ என்று சொல்வதற்கென்றே வார்க்கப்பட்ட ஒரு தடித்த எழுத்து லண்டனில் விற்பனைக்கு வந்தது 1845இல். இடையில் ஏறத்தாழ நானூறு வருஷம். அந்த எழுத்தின் பெயர் கிளாரண்டன். அதைப்பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஆனால் கதையை லண்டனில் தொடங்கினால் பாதிதான் விளங்கும். அதனால் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

கையால் எழுதிய காலத்தில் ‘இங்கே பார்’ என்று சொல்லும் வேலையைச் சிவப்பு மை செய்தது. இது ஐரோப்பாவிலும் நடந்தது, நமது கிதாபுகளிலும் நடந்தது. கறுப்பு மையில் எழுதிக்கொண்டு போகும் காத்திப், தலைப்பு வந்தால், புதிய பாடம் தொடங்கினால், விளக்கப்படும் மூலச் சொல் வந்தால், பேனையை மாற்றிச் சிவப்பில் தோய்த்து எழுதுவார். மத்ன் சிவப்பு, ஷரஹ் கறுப்பு. சிவப்பு மை கைவசம் இல்லாதவர் சொல்லின் மேலே ஒரு கோடு இழுப்பார். பழைய அரபு ஏடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டு பழக்கமும் தெரிந்திருக்கும்.

அச்சு வந்ததும் இந்தச் சிவப்பு இடைஞ்சலாகிப் போனது. ஒரே தாளில் இரண்டு நிறம் வேண்டுமானால் அதே தாளை இரண்டு தடவை அழுத்த வேண்டும். இரண்டாம் தடவை தாள் இம்மியளவு நகர்ந்தாலும் சிவப்புச் சொல் கறுப்பு வரியின் மேல் ஏறிவிடும். குட்டன்பேர்க்கே தன் பைபிளின் தொடக்கப் பக்கங்கள் சிலவற்றில் தலைப்புகளைச் சிவப்பில் அச்சடித்துப் பார்த்துவிட்டு, பிறகு அதைக் கைவிட்டார். மீதியில் இடம் விட்டு அச்சடித்து, கையால் சிவப்பு எழுதிக்கொள்ளும்படி விட்டுவிட்டார். காலப்போக்கில் கையால் எழுதுவதும் நின்றது. புத்தகம் முழுக்கக் கறுப்பாயிற்று.

இதனால் அழகு மட்டும்தான் போனது என்று சொன்னால் அது சரியில்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். அல்லாமா மஜ்துத்தீன் அல்ஃபைரூஸாபாதி, ஹிஜ்ரி 817இல், அதாவது கி.பி. 1415இல், யெமன் நாட்டின் ஸபீத் நகரில் வஃபாத்தானவர். அவருடைய ‘அல்காமூஸுல் முஹீத்’ நமது மத்ரஸாக்களின் அலுமாரிகளில் இன்றும் இருக்கிறது. அவருக்கு முன்னால் அல்ஜவ்ஹரி எழுதிய ‘அஸ்ஸிஹாஹ்’ என்ற அகராதிதான் எல்லோருடைய கையிலும் இருந்தது. ஜவ்ஹரி விட்டுவிட்ட சொற்கள் எத்தனை என்பதைக் காட்ட ஃபைரூஸாபாதி ஒரு வழி செய்தார். ஸிஹாஹில் இல்லாத பதிவுகளையெல்லாம் சிவப்பு மையில் எழுதினார். அதை முன்னுரையிலும் சொல்லி வைத்தார். அப்ப அந்தச் சிவப்பு ஒரு வாதம், பாருங்க. பக்கத்தைத் திறந்தவுடனே வாசகன் தன் கண்ணாலேயே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காமூஸ் அச்சேறியபோது அந்தச் சிவப்புக்கு என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. அச்சுப் பதிப்புகளில் சொல்லின் மேலே கோடு போட்டுச் சமாளித்தார்கள். ஏட்டுக் காலத்துப் பழைய வழக்கமே மீண்டும் கைகொடுத்தது. கோடு இல்லாமல் அச்சடித்திருந்தால் ஒரு சொல்கூடக் குறைந்திருக்காது. ஆனால் நூலாசிரியர் சொல்ல வந்த ஒரு விஷயம் முழுசாகக் காணாமல் போயிருக்கும்.

இனி லண்டனுக்கு வருவோம்.

ஆங்கில அச்சில் சிவப்பு போன பிறகு, எடுத்துக்காட்ட மூன்று வழிகள்தான் மிஞ்சியிருந்தன. சாய்ந்த இத்தாலிக் எழுத்து, முழுக்கப் பெரிய எழுத்து, அல்லது ஜெர்மனியர் பாணியிலான பழைய கறுப்பெழுத்து. சாமுவேல் ஜோன்சன் 1755இல் வெளியிட்ட புகழ்பெற்ற அகராதியில் தலைச்சொற்கள் பெரிய எழுத்தில்தான் இருக்கின்றன. பக்கத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்தால் தலைச்சொல்லும் விளக்கமும் ஒரே சாம்பல் நிறம். தேடுகிற கண்ணுக்குப் பிடிமானம் குறைவு.

தடித்த எழுத்து முதலில் வந்தது புத்தகத்துக்காக இல்லை, சுவருக்காக. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் தெருக்களில் விளம்பரம் பெருகியது. லொத்தர் சீட்டு, நாடகம், ஏலம், சாப்பாட்டுக் கடை எல்லாவற்றுக்கும் சுவரொட்டிதான். ஒன்றையொன்று முந்திக் கத்துவதற்காக எழுத்துக்களைக் கொழுக்க வைத்தார்கள். ராபர்ட் தோர்ன் என்ற எழுத்து வார்ப்பவர் சாதாரண ரோமன் எழுத்தின் தடித்த கோடுகளை மட்டும் ஊத வைத்து, மெல்லிய கோடுகளை மயிரிழையாகவே விட்டுவிட்டார். அதற்குக் கொழுத்த முகம் என்றே பெயர். பிறகு வின்சென்ட் ஃபிகின்ஸ் 1810களின் நடுவில் இன்னொன்றைக் கொண்டு வந்தார். எழுத்தின் கால்முனையில் இருக்கும் சிறு பட்டைக்கு ஆங்கிலத்தில் செரிப் என்று பெயர். ஃபிகின்ஸ் அந்தச் செரிப்பையும் எழுத்தின் உடம்பளவுக்கே தடிக்க வைத்துவிட்டார். செங்கல் அடுக்கியது போல இருக்கும்.

இந்தச் செங்கல் எழுத்து வகைக்கு ‘எகிப்தியன்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மிஸ்ருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 1798இல் நெப்போலியன் மிஸ்ர் மீது படையெடுத்த பிறகு ஐரோப்பாவில் எகிப்து என்ற பெயருக்கே ஒரு மோகம் உண்டானது. கதிரைக்கும் கட்டடத்துக்கும் அந்தப் பெயர் வைத்தார்கள், எழுத்துக்கும் வைத்தார்கள். அதே நெப்போலியன் மிஸ்ருக்குக் கொண்டு போன அரபு அச்செழுத்துக்கள் ரோமில் திருச்சபையின் அச்சகத்திலிருந்து பறித்தெடுத்தவை. ஆக, இங்கிருந்து அரபு எழுத்து அங்கே போயிற்று, அங்கிருந்து வெறும் பெயர் இங்கே வந்தது. வியாபாரத்தில் யாருக்கு லாபம் என்று வாசகரே முடிவு செய்துகொள்ளலாம்.

தோர்ன் 1820இல் இறந்தபோது அவருடைய வார்ப்பகத்தை வில்லியம் தரோகுட் என்பவர் ஏலத்தில் வாங்கினார். லண்டன் ஃபேன் தெருவில் இருந்த வார்ப்பகம் அது. லொத்தரில் விழுந்த பணத்தில் வாங்கினார் என்பது பிரசித்தமான கதை. அந்தப் பணத்தின் ஹலால் ஹராம் பேச இது இடமில்லை. அவரிடம் வேலைக்கு வந்து, 1838இல் பங்காளியாகவும் ஆனவர் ராபர்ட் பெஸ்லி. 1794இல் எக்சிட்டர் நகரில் பிறந்தவர். ஊர் ஊராகப் போய் அச்சகங்களுக்கு எழுத்து விற்றவர் என்பதால் அச்சகக்காரனின் தேவை அவருக்குத் தெரிந்திருந்தது. சுவரொட்டிக்கு எழுத்து ஏராளம். ஆனால் ஒரு துண்டுப் பிரசுரத்தில், ஒரு விலைப்பட்டியலில், சிறிய எழுத்துக்களின் நடுவே ஒரு சொல்லை மட்டும் தூக்கிக் காட்ட நல்ல எழுத்து இல்லை. எகிப்தியனைப் போட்டால் அது பக்கத்து வரிகளை மிதித்துவிடும்.

பெஸ்லிக்காக உருக்கு முனையில் எழுத்தை வெட்டியவர் பெஞ்சமின் ஃபொக்ஸ். அந்தக் காலத்தில் எழுத்து வரைவது என்பது காகித வேலை இல்லை. உருக்குத் துண்டின் நுனியில் எழுத்தைத் தலைகீழாக, உண்மையான அளவிலேயே செதுக்க வேண்டும். அதைச் செம்பில் அடித்துக் குழி எடுத்து, அந்தக் குழியில் ஈயக் கலவையை வார்த்தால் அச்செழுத்து கிடைக்கும். ஃபொக்ஸ் வெட்டிய எழுத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் பின்னால் வந்த தடித்த எழுத்துக்களின் குணம் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

கிளாரண்டனின் செரிப் எகிப்தியனைப் போலத் தடித்ததுதான். ஆனால் அது கோட்டோடு சேருகிற மூலையில் ஒரு வளைவு இருக்கும். செங்கல் அடுக்கிய முரட்டுத்தனம் அந்த வளைவில் கரைந்துவிடுகிறது. மரத்தின் அடி வேரோடு சேருகிற இடம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் வித்தியாசம் உண்டு, ஆனால் கொழுத்த முகத்தில் இருந்ததுபோல மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை. சிறிய ‘ஏ’, ‘சி’, ‘ஆர்’ ஆகியவற்றின் நுனியில் ஒரு உருண்டை, மிளகு ஒட்டியதுபோல. பெரிய ‘ஆர்’ எழுத்தின் வலது கால் தரையில் ஊன்றாமல் நுனியில் மேல்நோக்கிச் சுருண்டு நிற்கும். அகலத்தைக் கொஞ்சம் ஒடுக்கியிருந்தார்கள். தடித்த எழுத்து இடத்தை விழுங்கும் என்பதால் அந்த ஒடுக்கம் தேவைப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, சாதாரண ரோமன் எழுத்தோடு ஒரே வரியில் கோர்த்தால் அடி சரியாக உட்காரும். கம்போசிட்டர் தாளைச் செருகிக் குத்தி எழுப்ப வேண்டிய அவசியம் இல்லை.

எனக்குப் பிடித்தது அதன் அடக்கம். தடித்திருக்கிறது, ஆனால் கத்தவில்லை. சபையில் ஓர் ஆலிம் எழுந்து நின்றால் மற்றவர்கள் தாமாகத் திரும்பிப் பார்ப்பார்கள் அல்லவா, அந்த மாதிரி.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் அச்சகம் கிளாரண்டன் பிரெஸ் எனப்படும். கிளாரண்டன் பிரபு எழுதிய ஆங்கில உள்நாட்டுப் போர் வரலாற்றின் விற்பனை லாபம் அந்த அச்சகத்தின் கட்டடத்துக்கு உதவியதால் வந்த பெயர் அது. எழுத்துக்கு அந்த அச்சகத்தின் பெயரைத்தான் வைத்தார்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது.

1842இல் பிரித்தானியாவில் அலங்கார வடிவங்களுக்கான சட்டம் ஒன்று வந்திருந்தது. துணிக்கும் பாத்திரத்துக்கும் போடும் வடிவத்தைப் பதிவு செய்துகொண்டால் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறர் நகலெடுக்க முடியாது. பெஸ்லி 1845இல் தன் எழுத்தை அந்தச் சட்டத்தின் கீழ் பதிவு செய்தார். கிடைத்த பாதுகாப்பு மூன்று வருஷம். மூன்று வருஷம் முடிந்ததுதான் தாமதம், மற்ற வார்ப்பகங்கள் எல்லாம் தங்கள் தங்கள் கிளாரண்டனைக் கொண்டு வந்துவிட்டன. பெஸ்லி தன் விளம்பரத்தில் வெளிப்படையாகவே குறைப்பட்டுக்கொண்டார். ஆனால் அவர் ஒன்றும் நொந்து போய்விடவில்லை. 1869இல் லண்டன் மாநகர மேயராகவே ஆனார். 1876இல் காலமானார். அரபு அகராதிக்காக வாழ்நாளைக் கொடுத்த எட்வர்ட் வில்லியம் லேன் இறந்ததும் அதே 1876இல்தான். இருவருக்கும் தொடர்பு கிடையாது, வருஷம் ஒன்றாக வந்ததால் சொல்லி வைக்கிறேன்.

எல்லோரும் நகலெடுத்ததன் விளைவு என்னவென்றால், பெயர் உரிமையாளரின் கையை விட்டுப் போயிற்று. பிரித்தானிய அச்சகங்களில் எந்தத் தடித்த எழுத்தானாலும் ‘கிளாரண்டன்’ என்று சொல்லத் தொடங்கினார்கள். ‘அந்தச் சொல்லைக் கிளாரண்டனில் போடு’ என்றால் தடித்துப் போடு என்று அர்த்தம். காமூஸுக்கும் இதுதான் நடந்தது. காமூஸ் என்றால் அரபியில் ஆழ்கடல். ஃபைரூஸாபாதி தன் நூலுக்கு வைத்த பெயர் அது. அந்த நூலின் புகழால் இன்று அரபியில் எந்த அகராதிக்கும் காமூஸ் என்றுதான் பெயர். ஒரு பொருளின் பெயர் அந்த இனத்துக்கே பெயராவது போல ஒரு வெற்றி வேறில்லை, அதில் உரிமையாளருக்குச் சல்லிக்காசு கிடைப்பதில்லை என்றாலும்.

கிளாரண்டனுக்கு ஏற்ற வேலை கிடைத்தது ஒக்ஸ்போர்டில். ஆங்கில மொழியின் பெரும் வரலாற்று அகராதியின் முதல் பகுதி 1884இல் வந்தது. முழுசாக முடிந்தது 1928இல். தலைமைப் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மரே அந்தப் பக்கத்தை ஒரு வீடு மாதிரி திட்டமிட்டார். தலைச்சொல் தடித்த கிளாரண்டனில். விளக்கம் சாதாரண எழுத்தில். மேற்கோள்கள் அதைவிடச் சின்ன எழுத்தில். இப்படி ஒரே கறுப்பு மையில் பல குரல்களைப் பிரித்துக் காட்டினார். முன்னுரையில் எந்த எழுத்துக்கு என்ன வேலை என்று எழுதியும் வைத்தார். ஃபைரூஸாபாதி சிவப்பு மைக்குச் செய்ததைப் போல. ஒரே ஒரு சொல்லின் வரலாறு பல பத்திகளாக, சில வேளை பல பக்கங்களாக நீளும் அந்த அகராதியில் தலைச்சொல் தடித்திருக்கவில்லை என்றால் வாசகன் நடுக்கடலில் விட்ட தோணி மாதிரித்தான்.

அமெரிக்காவில் கிளாரண்டன் வேறொரு வாழ்க்கை வாழ்ந்தது. 1827இல் டேரியஸ் வெல்ஸ் நியூயோர்க்கில் இயந்திரத்தால் மர எழுத்து குடைந்து விற்கத் தொடங்கியிருந்தார். மரம் ஈயத்தைவிட இலேசு, எவ்வளவு பெரிதாகவும் வெட்டலாம். கிளாரண்டனை மரத்தில் நீட்டினார்கள், ஒடுக்கினார்கள், கால்முனைகளை உடம்பைவிடத் தடிக்க வைத்தார்கள். கௌபோய் படங்களில் ‘தேடப்படுகிறார்’ என்று தொங்கும் பலகையின் எழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அதுதான். எனக்கு அந்த வகை பிடிக்காது, அது பெஸ்லி ஒதுக்கிய முரட்டுத்தனத்தைத் திரும்பக் கூட்டி வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இதெல்லாம் பழசாகிப் போனது. பிறகு 1953இல் சுவிட்சர்லாந்தில் ஹெர்மன் ஐடன்பென்ஸ், ஹாஸ் வார்ப்பகத்துக்காகப் புதிய கிளாரண்டன் ஒன்றை வரைந்தார். அடுத்த ஓரிரு வருஷத்தில் அமெரிக்காவில் ஃப்ரீமன் க்ரோ இன்னொன்று வரைந்தார். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் வழிகாட்டிப் பலகைகளில் பல காலம் நின்றதும் கிளாரண்டன்தான். ஜப்பானின் சோனி நிறுவனத்தின் பெயரெழுத்தும் இந்தச் சாடைதான்.

சரி, தமிழுக்கு வருவோம். தமிழில் கிளாரண்டன் கிடையாது, தமிழ் எழுத்துக்குச் செரிப்பும் கிடையாது. ஆனால் கிளாரண்டன் செய்த வேலை தமிழுக்கு இன்னும் அதிகமாகத் தேவை. ஆங்கிலத்துக்கு இத்தாலிக் இருக்கிறது, பெரிய எழுத்து இருக்கிறது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே இல்லை. சாய்த்துப் போட்டால் எழுத்து வழுக்கி விழுகிற மாதிரி இருக்கும், அது நமது கைப்பழக்கத்தில் வந்ததல்ல. ஆகவே வரிக்குள் ஒரு சொல்லைக் காட்ட வேண்டுமென்றால் தமிழனுக்கு மிஞ்சுவது தடித்த எழுத்து ஒன்றுதான். ‘கொட்டை எழுத்தில் போட்டிருக்கு’ என்று நமது ஆக்கள் சொல்வது சும்மா இல்லை.

எழுபதுகளில் கொழும்பில் ஓர் அச்சகத்தில் புரூப் பார்க்கும் வேலையில் சில வருஷம் இருந்தேன். தமிழ் கேஸில் இருக்கும் அறைகள் ஆங்கிலக் கேஸைவிட எத்தனையோ மடங்கு. உயிரும் மெய்யும் சேர்ந்த வடிவங்களுக்கெல்லாம் தனித்தனி அறை. தடித்த எழுத்தும் வேண்டுமென்றால் அதேயளவு இன்னொரு தொகுதி வாங்க வேண்டும். சின்ன அச்சகங்களால் அது முடியாது. அதனால் தலைப்புக்கு மட்டும் பெரிய அளவு எழுத்தை எடுத்து ஒப்பேற்றுவார்கள். வரிக்குள் அதைப் போட முடியாது, வரி ஏறி இறங்கிவிடும். எங்களுடைய அச்சகத்தில் ஒரு தொகுதி தடித்த எழுத்து இருந்தது. அதைக் காவல் காத்தவர் ஒரு மூத்த கம்போசிட்டர், எல்லோருக்கும் அவர் நானாதான். ஒரு தடவை நிக்காஹ் அழைப்பிதழ் ஒன்றுக்கு எல்லா வரியும் தடிப்பாக வேண்டும் என்று ஒருத்தர் வந்து நின்றார். நானா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துச் சொன்னார்: “மாப்புளட பேரையும் கறுப்பாக்கி, மண்டபத்தையும் கறுப்பாக்கி, ‘இங்ஙனம்’ என்டதையும் கறுப்பாக்கினா, வாற ஆக்கள் எத தம்பி பாக்குற?” கடைசியில் இரண்டு பெயரும் தேதியும் மட்டும் தடித்து வந்தன. அவருக்குப் பெஸ்லியைத் தெரியாது. பெஸ்லி விற்க வந்த சரக்கு என்னவென்று நன்றாகத் தெரியும்.

இன்று கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் எந்த எழுத்தும் தடிக்கும். ஆனால் தடித்த வடிவம் தனியாக வரையப்படாத எழுத்துருவில் கணினி செய்வது வெறும் ஊதல். கோட்டைச் சுற்றிக் கறுப்பைக் கூட்டும், அவ்வளவுதான். ‘ஞ’வின் வயிறும் ‘ண’வின் சுழிகளும் ‘இ’யின் உள்வளைவும் அடைத்துப் போகும். ஃபொக்ஸ் உருக்கில் வெட்டியபோது எங்கே தடிக்க வேண்டும், எங்கே வெள்ளை விட வேண்டும் என்று ஒவ்வொரு எழுத்துக்கும் தனியாக முடிவு செய்தார். தமிழுக்கு அப்படி உட்கார்ந்து வரைந்த தடித்த எழுத்துருக்களும் இருக்கின்றன. அவற்றைத் தேடி எடுக்கும் பொறுமைதான் நம்மிடம் குறைவு.

நான் இவ்வளவு நேரம் இதைச் சொல்லிக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. தஃப்ஸீர் ஜலாலைன் நமது மத்ரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் நூல். ஜலாலுத்தீன் அல்மஹல்லி சூரா கஹ்ஃபிலிருந்து இறுதிவரை எழுதினார், சூரா ஃபாத்திஹாவுக்கும் எழுதி வஃபாத்தானார். மீதியை ஜலாலுத்தீன் அஸ்ஸுயூத்தி பூர்த்தி செய்தார். அந்த நூலின் அமைப்பு என்னவென்றால், குர்ஆனின் சொற்களுக்கு நடுவே இரண்டு சொல், மூன்று சொல் என்று விளக்கத்தைச் செருகிக்கொண்டு போவார்கள். இரண்டும் சேர்ந்து ஒரே வாக்கியமாக ஓடும். ஏடுகளில் ஆயத்து சிவப்பாகவும் விளக்கம் கறுப்பாகவும் இருக்கும், அல்லது ஆயத்தின் மேலே கோடு இருக்கும். அச்சில் அடைப்புக்குறி போட்டார்கள். அந்த அடையாளத்தை எடுத்துவிட்டால் அல்லாஹ்வின் கலாம் எது, மனிதனின் பேச்சு எது என்று ஹாபிழ் ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் பிரிக்கலாம். அப்துல் ஹமீத் பாகவி ஹஸரத்தின் தமிழ் மொழிபெயர்ப்பில் விளக்கச் சொற்கள் அடைப்புக்குறிக்குள் வருவதும் இந்த எச்சரிக்கையால்தான்.

எங்கள் ஊரில் மர்ஹூம் ஆலிம் ஒருவரின் கையெழுத்துக் கொப்பி இருக்கிறது. ஃபிக்ஹு நூல் ஒன்றுக்கு அரபுத் தமிழில் எழுதிய விளக்கம். மத்ன் சிவப்பு, விளக்கம் கறுப்பு. பல வருஷத்துக்கு முன் யாரோ நல்லெண்ணத்தில் அதை நகலெடுத்து நாலைந்து பேருக்குக் கொடுத்தார்கள். கறுப்பு வெள்ளை இயந்திரம். நகலில் எல்லாம் கறுப்பு. அந்த நகலிலிருந்து தமிழ் எழுத்துக்கு மாற்றித் தட்டச்சு செய்யும் வேலை தொடங்கி நாற்பது பக்கம் போன பிறகுதான் என் கைக்குப் புரூப் வந்தது. ஒரு மஸ்அலாவில் இமாமின் சொல்லும் எங்கள் ஆலிமின் சொந்தக் கருத்தும் ஒரே வரியாகக் கிடந்தன. வாசிக்கிறவன் இரண்டையும் இமாமின் தலையில் போடுவான், அல்லது இரண்டையும் ஆலிமின் தலையில் போடுவான்.

மூலக் கொப்பி அவருடைய பேத்தியின் வீட்டில், பட்டுத் துணியில் சுற்றி இருந்தது. வீட்டுக்காரர் வெளியே கொடுக்க விரும்பவில்லை, அதில் நியாயமும் இருக்கிறது. ஆகவே அசர் தொழுதுவிட்டு அங்கே போய், மூலத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, புரூப்பில் சிவப்புச் சொற்களின் கீழே பென்சிலால் கோடு இழுத்து வருகிறேன். கோடு போட்டதெல்லாம் தடித்த எழுத்தில் வரும். அதற்கென்று தனியாக வரைந்த ஒரு தமிழ் எழுத்துரு எடுத்திருக்கிறோம், சுழிகள் அடைக்கவில்லை. சில பக்கங்களில் சிவப்பு மை மங்கிப் பழுப்பாகிவிட்டது. வெயில் சாய்ந்து ஜன்னல் வழியாக வருகிற நேரத்தில்தான் கறுப்பிலிருந்து அதைப் பிரித்துப் பார்க்க முடிகிறது. இன்னும் அறுபது பக்கமளவில் இருக்கிறது.